ஆத்தாவுக்கு யார் வக்கீல்

பெண்கள் சிறை, திருச்சி
14.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கார்த்திகா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பெற்ற ஆத்தாவைப் பறிகொடுத்துவிட்டு ஷார்ஜாவில் தனியாகக் கிடக்கும் உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இப்போதைக்கு அது போதும்.

இங்கே போன் பேச விடுகிறார்கள். ஆனால் வெளிநாட்டு நம்பருக்குக் கிடையாது. கடிதம் எழுதலாம், அதிகாரிகள் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் போடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அத்தையை நம் வயல் கிணற்றிலிருந்து தூக்கிப் போட்டதும் உங்களுக்குப் போன் போட்டது நான்தான். "ஆத்தா, ஆத்தா" என்று நீங்கள் கத்தியது மட்டும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. அதற்கப்புறம் நமக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை. புதுக் கம்பெனியில் விசா அடிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்ததால் உங்களால் வர முடியவில்லை என்று அழுதுகொண்டே உங்கள் அக்கா பொற்கொடி மதினி எல்லாரிடமும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டு மகன்தான் கொள்ளி வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை போலீஸ் வந்து ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்து மாற்றுச் சேலைகூட எடுக்காமல் போனேன். அப்படியே இங்கே வந்துவிட்டேன். அத்தையைத் தள்ளிவிட்டதே மருமகள் நான்தான் என்று வழக்கு. தள்ளியதற்குக் காரணம் நகை ஆசையாம்.

ஒரே ஒரு நல்ல செய்தி. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் தருகிறது. எனக்கு வந்திருப்பவர் பெயர் உமா. திருமயம் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண். சொந்தக்காரர்கள் எல்லாரும் சென்னைக்குப் போய்விட, இவர் மட்டும் புதுக்கோட்டையில் இருந்து கிரிமினல் கேஸ் பார்க்கிறார். அரசாங்க வக்கீல் என்றதும் பேருக்கு வந்து போவார் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்ததும், "நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டார். பிறகு, "அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுலேருந்து சொல்லுங்க. அவசரமில்ல" என்றார். நான் வாசல் தெளித்ததிலிருந்து சொன்னேன். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. பிடிபட்டதிலிருந்து நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மாமா, நான் அத்தையைத் தொடவில்லை. உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் போதும்.

உங்கள்
கார்த்திகா


ஷார்ஜா
11.8.2024

கார்த்திகாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரூமில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர்தான் எழுதச் சொன்னார்.

சாப்பிடச் சொல்லியிருக்கிறாய். சோற்றில் கை வைத்தால் ஆத்தா முகம்தான் வருகிறது. ஒரு பிடி மண் போடக்கூட நான் போகவில்லை.

அக்கா சொன்னதையெல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கமுத்து காதால் கேட்டிருக்கிறார். அன்று மத்தியானம் நீ ஆத்தாவிடம், "கெணத்துல விழுந்து செத்தாத்தான் ஒங்களுக்குப் புத்தி வரும்" என்று கத்தியிருக்கிறாய். சாயங்காலம் ஆத்தா கிணற்றில் கிடக்கிறது. அது காதிலும் கழுத்திலும் கிடந்த தோடும் சங்கிலியும் உன் பீரோவில் இருக்கின்றன. நீயே வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய்த் தள்ளிவிட்டதாக ஒத்துக்கொண்டதாக வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்திருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு நான் எதை நம்புவது?

உனக்கு அரசாங்கம் வக்கீல் தருகிறது. செத்துப்போன எங்கள் ஆத்தாவுக்கு யார் வக்கீல்? அது வாயைத் திறந்து சொல்ல முடியுமா?

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போட்டீர்கள்? இத்தனை வருடத்தில் நீ ஆத்தாவிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

சிவபிரகாஷ்


பெண்கள் சிறை, திருச்சி
22.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' இல்லாமல் வந்த கடிதத்தையும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். கோபமாக எழுதியிருந்தாலும் அது உங்கள் கையெழுத்து.

நீங்கள் கேட்டதற்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அத்தையின் கையில் அடித்து ஒரு சத்தியம் செய்திருந்தேன். அதை உடைக்க மனம் வரவில்லை. உமா மேடத்திடமும் அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"சண்டை எதுக்குன்னு கேட்டா மட்டும் பேச்ச மாத்துறீங்க கார்த்திகா" என்றார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்."

"யாருக்கு?"

"அத்தைக்கு."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார். "அவங்க உசிரோட இருந்து, நீங்க இந்தக் கம்பிக்குள்ள இருக்குறதப் பாத்தா, அந்தச் சத்தியத்தக் காப்பாத்தச் சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டார் மாமா. என்னைத் திட்டிக்கொண்டே வந்து கூட்டிப்போவார். அன்று இங்கே வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அழுது முடிக்கும் வரை மேடம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். அத்தைக்குக் கண் போய்விட்டது. ஒரு கண்ணில் புரை முழுக்க மூடிவிட்டது. மற்றதில் நிழல் மாதிரிதான் தெரியும். வீட்டுக்குள் பழக்கத்தில் நடப்பார். "அவன்ட்ட சொல்லிராத. இப்பத்தான் புதுக் கம்பெனியில சேந்திருக்கான். கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவான். பொற்கொடிக்கும் தெரிய வேணாம், தெரிஞ்சா அடுத்த நிமிசம் ஒம் புருசனுக்குத் தெரிஞ்சுரும்" என்று என் கையைப் பிடித்து அடித்துச் சத்தியம் வாங்கினார்.

அரிமளத்தில் கண் முகாம் வந்தபோது கெஞ்சிக் கூட்டிப்போனேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். நகை நட்டு எதுவும் போட்டு வரக்கூடாது என்று முகாமில் ஒரு நர்ஸ் சொன்னதால், அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை அத்தையே தோட்டையும் சங்கிலியையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். "கல்யாணமானதுலேருந்து காத மூளியா விட்டதில்லடி" என்று சிரித்தார். அதைத்தான் பீரோவில் வைத்தேன்.

மத்தியானச் சோறு போடும்போது திடீரென்று, "நான் வரல. எம்மகன் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். பயம், வேறொன்றுமில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. தங்கமுத்து அக்கா பொய் சொல்லவில்லை. கிணற்றில் விழுந்து செத்தால்தான் புத்தி வரும் என்று நான்தான் கத்தினேன். அதைக் கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டார். "சரி, கத்தாத, வாரேன்" என்றார். நான் அவரிடம் கத்தியதே கூட்டிப்போகத்தான்.

மறுநாள் காலைக்கு ஆட்டோ சொல்லிவிட்டு வரலாம் என்று ரோட்டுப் பக்கம் போனேன். அதற்குள் கரண்ட் வந்திருக்கிறது. மோட்டார் போடுவதற்காகத் தனியாக வயலுக்குப் போயிருக்கிறார். நான் தேடிப் போனபோது சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணற்று மேட்டில் அவருடைய செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

வி.ஏ.ஓ. ஆபீசின் வாசலைக்கூட நான் மிதிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஸ்டேஷனில்தான் இருந்தேன்.

மேடம் ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் சொத்து உள்ளவர்கள் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் அண்ணன் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஊரில் மதினிக்குப் பயந்து யாரும் வரவில்லை. அதனால் இங்கேயேதான் இருக்கிறேன். பரவாயில்லை.

ஆத்தாவுக்கு யார் வக்கீல் என்று கேட்டிருந்தீர்கள். அதை மேடத்திடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்றார். நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள்
கார்த்திகா


ஷார்ஜா
3.11.2024

கார்த்திகா,

அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். சண்டை போடத்தான் பண்ணினேன்.

"எங்க ஆத்தாளக் கொன்னவளக் காப்பாத்த ஒங்களுக்குக் கவருமெண்டு சம்பளமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். அந்தம்மா போனை வைக்கவில்லை. "சிவபிரகாஷ், ஒங்க அம்மா எப்படி இறந்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார். கேஸில் எழுதியிருப்பதைச் சொன்னேன். "அது ஒருத்தர் எழுதுன கதை. அதுல ஓட்டை இருக்கான்னு யாராவது பாக்கணுமில்ல? பாக்காம ஒருத்தர உள்ள தள்ளிட்டா, ஒங்க அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாருக்குமே தெரியாமப் போயிரும். நான் கேக்குற ஒவ்வொரு கேள்வியும் ஒங்க அம்மாவுக்காகவும்தான்" என்றார்.

நானும் போனை வைக்கவில்லை.

பிறகு என் ஆத்தாவைப் பற்றிக் கேட்டார். எப்படிப் பேசும், என்ன கேட்கும், வாரத்துக்கு எத்தனை தடவை பேசுவீர்கள் என்று. செத்த பிறகு என் ஆத்தாவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை கார்த்திகா. எல்லாரும் கேஸைப் பற்றித்தான் பேசினார்கள். சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வீடியோ கால் போட்டால் ஆத்தா என்னைப் பார்த்துப் பேசாது. போனுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இளைச்சுப் போயிட்டியே" என்று சொல்லும். கேமராவைப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்து, "இங்கிட்டுப் பாரு ஆத்தா" என்று நானும் சிரிப்பேன். நீ போனைப் பிடித்திருப்பாய். நீ சிரித்ததில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இதை அந்தம்மாவிடம் சொன்னேன். "இத மறந்துராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ சொன்னதைப் படித்தால் உண்மை மாதிரி இருக்கிறது. அக்கா அழுவதைக் கேட்டால் அதுவும் உண்மை மாதிரி இருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு எதைச் சொல்வது? கோர்ட் சொல்லட்டும். அதுவரை என்னிடம் எதுவும் கேட்காதே.

குளிர் ஆரம்பித்திருக்கும். போர்வை கொடுக்கிறார்களா?

சிவபிரகாஷ்


பெண்கள் சிறை, திருச்சி
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போர்வை கொடுக்கிறார்கள். கேட்டதற்குச் சந்தோசம்.

கோர்ட் சொல்லட்டும் என்று எழுதியிருந்தீர்கள். கோர்ட் அதன் வேலையைச் செய்யும். நீங்களும் நானும் கோர்ட்டில் குடும்பம் நடத்தவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

விசாரணை ஆரம்பித்துவிட்டது. புதுக்கோட்டைக்கு வேனில் கூட்டிப்போகிறார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நாள் பார்த்தேன். உமா மேடத்தின் வேலையை அங்கேதான் பார்த்தேன். யாராவது என்னிடம் வக்கீல் என்றால் எப்படி இருப்பார்கள் என்று இதற்கு முன் கேட்டிருந்தால், சத்தம் போடுவார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இவர் பேசினால் பின்வரிசையில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருக்கிறார், கேள்விக்குக் கேள்வி ஒரு மடக்கு.

முதலில் தங்கமுத்து அக்கா ஏறினார். மேடம் அவரை மடக்கி அழவைத்துவிடுவார் என்று பயந்தேன். அக்கா எனக்குக் கெட்டது நினைத்தவர் இல்லை. மேடம் எழுந்து, "நீங்க பொய் சொல்லலம்மா. அந்த வார்த்தைய கார்த்திகா சொன்னது உண்மைதான்" என்று ஆரம்பித்தார். அக்காவே திகைத்துப்போனார். எதிர்ப்பக்கம் போலீசுக்காக வாதாடும் அரசு வக்கீலும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வார்த்தைக்கு முந்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு வாங்க, வாங்கன்னு இந்தப் புள்ள கூப்புட்டுச்சுங்க. அது வரமாட்டேன்னுச்சு."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"கண்ணு ஆபரேசனுன்னு காதுல விழுந்துச்சு."

"அந்த வார்த்தைக்குப் பிந்தி?"

அக்கா என்னைப் பார்த்தார். "சரி, கத்தாத, வாரேன்னு இது மாமியா மூக்காயி சொல்லுச்சுங்க."

"இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"அவுக அத மட்டுந்தானுங்க கேட்டாக. மத்தத யாரும் கேக்கல."

மேடம் அவருக்குக் கும்பிடு போட்டு உட்கார்ந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். யாரையும் அவமானப்படுத்தாத அந்த விதம் எனக்கு மனசில் நிற்கிறது மாமா. எதிர்சாட்சியை எதிரியாக்காமல் அனுப்பினார்.

மறுநாள் வி.ஏ.ஓ. பழனிச்சாமி. செவ்வாய்க்கிழமை முற்பகல் நான் அவர் ஆபீசுக்கு வந்து ஒத்துக்கொண்டேன், அவர் தன் கையாலேயே எழுதினார் என்று சொன்னார். மேடம் அவரிடம் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். வருடத்துக்கு ஒரு தடவை ஊர்க் கணக்கையெல்லாம் திருமயம் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய் அதிகாரி முன்னால் காட்டுவார்களே, ஜமாபந்தி, அதைப் பற்றி.

"ஒங்க கணக்குல பிழை இருக்காதுன்னு தாலுகா ஆபீஸ்ல சொன்னாங்க."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உண்மைங்க மேடம். வேலைக்கு வந்ததுலேருந்து ஒரு ஜமாபந்தி விட்டதில்ல."

"இந்தத் தடவையும் போனீங்களா?"

"போகாம? பெரிய அதிகாரி வர்ற நாளு."

"போனா எப்ப திரும்புவீங்க?"

"காலையில மொத பஸ்ஸுல போனா, நம்ம பக்கத்து ஊரெல்லாம் முடிய இருட்டிரும்."

"ஒங்க பக்கத்து ஊருகளுக்கு இந்தத் தடவ என்ன கிழமை வந்துச்சு?"

"செவ்வா..." என்றவர் நின்றுவிட்டார்.

நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். மேடம் வெந்நீரைக் குடித்துவிட்டு, "கார்த்திகா ஒங்க ஆபீசுக்கு வந்து சொல்லி, நீங்க எழுதினதும் அதே செவ்வாய்க்கிழமை முற்பகல்தானே?" என்றார். வி.ஏ.ஓ. தரையைப் பார்த்தார். பிறகு, ஸ்டேஷனில் எழுதி வைத்திருந்ததில் கையெழுத்து மட்டும்தான் போட்டதாகச் சொல்லிவிட்டார். மேடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வேனில் ஏறும் முன் மேடத்திடம் கேட்டேன். "நீ செஞ்சியான்னு நீங்க ஒரு தடவகூட எங்கிட்டக் கேக்கலையே மேடம், ஏன்?"

"கேட்டா இல்லன்னு சொல்லுவீங்க. எல்லாருமே அதத்தான் சொல்லுவாங்க. என் வேலை ஒங்கள நம்புறதில்ல கார்த்திகா. நீங்க குத்தவாளின்னு சொல்றவங்க அத நிரூபிக்கிறாங்களான்னு பாக்குறது. ஆனா..." என்று சிரித்தார். "மனுசிதானே நானும்."

அடுத்து நம் பக்கச் சாட்சிகள். கண் முகாமில் நகையைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்ன நர்ஸ் பெயர் சரண்யா. முகாம் நடத்தியவர்களில் யார் யாரையோ கேட்டு, எங்கேயோ மாற்றலாகிப் போயிருந்த அந்தப் பெண்ணை மேடம் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். பயமில்லாமல் வந்து சொல்கிறேன் என்றதாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கார்த்திகா


ஷார்ஜா
2.4.2025

அன்புள்ள கார்த்திகா,

கோர்ட்டில் குடும்பம் நடத்தவில்லை என்று நீ எழுதியிருந்த அந்த ஒரு வரியை நிறையத் தடவை படித்துவிட்டேன். அதற்குக் கடிதத்தில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லீவு கேட்டேன். புதுக் கம்பெனி, ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். நான் வருகிறேன். உமா மேடத்திடம் பேசிவிட்டேன். ஆத்தாவின் மகனாகக் கூண்டில் ஏறி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லப்போகிறேன். வீடியோ காலில் ஆத்தா சுவரைப் பார்த்துப் பேசியதைச் சொல்வேன். "இது நீங்களா எடுத்த முடிவா இருக்கணும். கார்த்திகாவுக்காக வர்றேன்னு சொல்லாதீங்க, ஒங்களுக்குத் தெரிஞ்ச உண்மைக்காக வாங்க" என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வந்தால் எதிர்ப்பக்கம் என்னென்ன கேட்பார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தெரியாமல் வந்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

"ஆத்தாளக் கொன்னவளுக்குச் சாட்சி சொல்லவாடா வார? வந்தா என் வாசப்படிய மிதிக்காத" என்று அழுதது.

"அக்கா, ஆத்தாவுக்குக் கண்ணு தெரியலங்கிறது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அழுகை நின்றுவிட்டது. பிறகு போனை வைத்துவிட்டது.

கோர்ட் சொல்லும் வரை காத்திருக்கிறேன் என்று எழுதினேன். இப்போது காத்திருக்கவில்லை. தீர்ப்பு எதுவாக இருந்தாலும் நீ ஆத்தாவைத் தொட்டிருக்கமாட்டாய். இதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

சிவபிரகாஷ்


பூவாளங்குடி
அரிமளம் வழி
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். நம் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரலில் நீங்கள் வந்து போனதைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை. அன்று கூண்டில் ஏறியதும் நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "இங்கிட்டுப் பாரு ஆத்தான்னு நான் சிரிப்பேங்க, அதுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று நீங்கள் சொன்னபோது, தட்டச்சு அடிக்கும் அம்மாகூடக் கையை நிறுத்திவிட்டார். அரசு வக்கீல் எழுந்து, "மனைவியைக் காப்பாத்துறதுக்காகப் பொய் சொல்றீங்க" என்றார். "செத்தது எங்க ஆத்தா சார்" என்றீர்கள். அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார். வெளியே வேனுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றீர்கள். பேச விடவில்லை. உடன் வந்த போலீஸ் அம்மா பாட்டிலை வாங்கி என்னிடம் கொடுத்தார். திருச்சி போய்ச் சேரும் வரை அதைக் கையில்தான் வைத்திருந்தேன்.

தீர்ப்பு வந்த செய்தியை மேடம் உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பார். நீதிபதி வாசித்தது முழுசாக என் காதில் ஏறவில்லை. "விடுதலை" என்பது மட்டும்தான் விழுந்தது. வெளியே வந்ததும் யாரோ ஒருவர், "சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்தான் விட்டிருக்காங்க, அப்ப சந்தேகம் இருக்குன்னுதானே அர்த்தம்" என்று என் காதுபடச் சொன்னார். அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். மேடம் பார்த்துவிட்டார். "அது சட்டம் பேசுற பாஷை கார்த்திகா. சந்தேகம் ஒங்க மேல இல்ல, அவங்க சொன்ன கதை மேல" என்றார். பிறகு பிளாஸ்கைத் திறந்து எனக்கும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குள் அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடப்பாவமே, உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக்கூட நேரமில்லையே என்று இருந்தது. வேறொரு பெண்ணுக்காக உள்ளே போனார். அந்தப் பெண்ணும் என்னைப் போலவே மாற்றுச் சேலை இல்லாமல் நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவர் அதைப் பார்க்கவில்லை. அடுத்தவர்மேல் கண்ணை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் ஆத்தாவுக்கு யார் வக்கீல் என்று கேட்டீர்கள். எனக்கு வக்கீலாக வந்தவர்தான் அத்தைக்கும் வக்கீலாக இருந்தார். கண் தெரியாமல் தவறி விழுந்துதான் அத்தை போனார் என்று ஊருக்கே இன்று தெரிந்திருக்கிறதென்றால் அது அவரால்தான்.

அண்ணன் வந்து அழைத்தார். திருப்பூருக்கு வா என்றார். நான் இங்கே வந்துவிட்டேன். வராமல் இருந்தால் நான் பயந்து ஓடியதாக ஆகிவிடும். வீட்டைக் கூட்டி, துணி துவைத்து, அத்தை படத்துக்கு விளக்கு வைத்தேன். முதல் மூன்று நாள் தெருவில் ஒருவரும் பேசவில்லை. தங்கமுத்து அக்கா மட்டும் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வயல் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வருகிறார்.

நேற்றுச் சாயங்காலம் மதினி வந்தார்.

வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "எனக்கு ஏண்டி சொல்லல?" என்றார்.

"அத்தை சத்தியம் வாங்கிருச்சு மதினி."

"நான் வார்றப்பல்லாம் எம் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்கும் ஆத்தா. கன்னத்த, மூக்க, நெத்திய எல்லாம் தடவும். பாசமுன்னு நெனச்சேன்டி."

"பாசமுந்தான் மதினி" என்றேன்.

அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆத்தாவைப் பறிகொடுத்தவர். யாரையாவது கை காட்டினால்தான் தாங்க முடியும் என்று இருந்திருக்கிறார். எழுந்து போகும்போது, "சாப்புட்டியா?" என்றார். இல்லை என்றேன். உள்ளே வந்து உலை வைத்தார். இரண்டு பேரும் அத்தை படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எனக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். அந்த முதல் கடிதம் வந்த அன்று இருந்த மாதிரி ஒரு நாள் எனக்கு இனி வரக்கூடாது. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் நீங்கள் எழுதிய அந்தக் கடைசிக் கடிதத்தையும் நான் மறக்கமாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு மதினிக்குப் போன் போட்டு, தீபாவளிக்கு லீவு கிடைக்கும் என்று சொன்னீர்களாம். புது போன் வாங்கியிருக்கிறேன். அவசரத்துக்கு நம்பர் கீழே இருக்கிறது. ஆனால் போனில் பேச வேண்டாம், வீடியோவும் வேண்டாம். இவ்வளவு காலம் எழுதியே பேசிவிட்டோம், முதல் வார்த்தையை எதிரில் உட்கார்ந்து பேசுவோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள், மாமா. வந்துவிடுங்கள்.

உங்கள்
கார்த்திகா